பார்டர் கோலி வளர்க்கப் போகிறீர்களா? முதல் இரண்டு வருடத்துக்கான வழிகாட்டி

பார்டர் கோலிக் குட்டியின் படத்தைப் பார்த்து மயங்கி, வாங்கலாமா என்று கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது: பகலில் உங்கள் வீட்டில் யார் இருப்பார்கள்? தோட்டம் எவ்வளவு பெரியது, மொட்டை மாடி உண்டா என்பதெல்லாம் அப்புறம். இந்த நாய்க்கு இடத்தைவிட ஆள் முக்கியம்.

அவர்கள் பதிலுக்குக் கேட்பது எப்போதும் ஒன்றுதான்: தினமும் எத்தனை மணி நேரம் ஓட விட வேண்டும்? ஓட்டம் தேவைதான். ஆனால் பார்டர் கோலியோடு திண்டாடும் வீடுகளில் நான் பார்த்தவரை, ஓட்டம் போதாமல் கெட்ட நாய்களைவிட, ஓயத் தெரியாமல் கெட்ட நாய்கள்தான் அதிகம். தினமும் ஒரு மணி நேரம் பந்து எறிகிறார்கள். நாய் களைத்துப் படுக்கும் என்று பார்த்தால், அடுத்த மாதம் அதே நாய்க்கு ஒன்றரை மணி நேரம் தேவைப்படுகிறது. அவர்கள் வீட்டில் ஒரு ஓட்டப்பந்தய வீரனைத் தயார் செய்துகொண்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இது எப்படிப்பட்ட நாய்

இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் சந்திக்கும் மேட்டு நிலங்களில் செம்மறி மேய்க்க உருவான இனம் இது. நார்தம்பர்லாந்தில் ஆடம் டெல்ஃபர் என்ற விவசாயியிடம் 1893இல் பிறந்த 'ஓல்டு ஹெம்ப்' என்ற நாய்தான் இன்றைய பார்டர் கோலிகளின் மூதாதை என்று சொல்வார்கள். குரைக்காமல், பாய்ந்து கடிக்காமல், தலையைத் தாழ்த்தி, பார்வையாலேயே ஆட்டை நகர்த்தும் பாணி அதனுடையது. 1906இல் சர்வதேச ஆட்டுநாய்ச் சங்கம் ஸ்காட்லாந்தில் தொடங்கப்பட்டது. அதன் பிறகும் வேலை செய்யும் நாயைத்தான் இனவிருத்திக்குத் தேர்ந்தெடுத்தார்கள். காது நிமிர்ந்திருக்கிறதா, மடிந்திருக்கிறதா என்று அந்த மேய்ப்பர்கள் கவலைப்படவில்லை. பிரிட்டனின் கெனல் கிளப் இதை அழகுப் போட்டிக்குரிய இனமாக ஏற்றுக்கொண்டது 1976இல்தான்.

எங்கோ மலைச்சரிவில் நிற்கும் நாய், மேய்ப்பரின் ஒரு விசில் சத்தத்துக்குத் திசை மாற வேண்டும். நூறு ஆட்டில் ஒன்று விலகினாலும் அதன் கண்ணில் பட வேண்டும். அந்தக் கண்ணும் காதும்தான் உங்கள் ஹாலுக்கு வருகின்றன. மின்விசிறியின் நிழல், தெருவில் போகும் பைக், ஓடி விளையாடும் பக்கத்து வீட்டுப் பிள்ளை, எல்லாமே அதற்கு ஆடுதான்.

நம் ஊரில் ஆட்டுக்கிடையில் நாய் பார்த்தவர்கள் இதையும் அப்படி நினைத்துவிடக் கூடாது. கிடை நாய் காவல் நாய். நரியும் திருடனும் அண்டாமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை. ஆட்டை ஓட்டுவது கீதாரியும் அவர் ஆட்களும். காவல் நாய் பகலெல்லாம் நிழலில் படுத்துக் கிடக்கும், ஏதாவது வந்தால் எழும். ராஜபாளையமோ நாட்டு நாயோ வளர்த்த அனுபவம் உங்களுக்கு இருந்தால் நல்லதுதான். ஆனால் "நாய்தானே, அதுபாட்டுக்குக் கிடக்கும்" என்ற எதிர்பார்ப்பை மட்டும் விட்டுவிடுங்கள்.

வாங்கும் முன்

கணவன் மனைவி இருவரும் காலையில் போய் இரவு திரும்பும் வீடு என்றால் வேண்டாம். இதைச் சுற்றி வளைத்துச் சொல்லிப் பயனில்லை. வளர்ந்த நாயையே நாலு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து தனியே விடாமலிருப்பது நல்லது. குட்டிக்கு அதில் பாதிகூட அதிகம். தாத்தா பாட்டி இருக்கிறார்களே என்றால், அவர்கள் இந்த வேகத்தைச் சமாளிப்பார்களா என்று அவர்களிடமே கேளுங்கள். 15 முதல் 20 கிலோ எடையுள்ள நாய் கயிற்றை ஒரு இழு இழுத்தால் வயதானவர் விழுந்துவிடுவார்.

அடுக்குமாடி வீட்டில் வளர்க்கலாமா? வளர்க்கலாம். வெளியே கூட்டிப்போக ஆள் இருக்கும் இரண்டு அறை வீடு, பெரிய காம்பவுண்டுக்குள் நாயை அவிழ்த்துவிட்டு மறந்துவிடும் பங்களாவைவிட மேல். காம்பவுண்டில் தனியாகக் கிடக்கும் பார்டர் கோலி, போகிற வருகிற ஒவ்வொரு வண்டிக்கும் கேட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடும். அதுவே அதற்கு வேலையாகிவிடும். அந்தப் பழக்கத்தை மாற்றுவது பெரும்பாடு.

குட்டிதான் வேண்டுமென்பதில்லை. எட்டு மாதத்துக்கும் ஒன்றரை வயதுக்கும் இடையில் "எங்களால் முடியவில்லை" என்று கொடுத்துவிடப்படும் நாய்கள் உண்டு. குணம் ஓரளவு தெரிந்த நாயை எடுத்து வளர்ப்பதில் ஒரு நிம்மதி இருக்கிறது. என்ன காரணத்தால் கொடுக்கிறார்கள் என்பதை மட்டும் நேராகக் கேட்டுவிடுங்கள்.

குட்டி வாங்குவதானால் தாய் இருக்கும் இடத்துக்குப் போய்த் தாயைப் பாருங்கள். ஆளைக் கண்டதும் மூலையில் ஒண்டும் தாயின் குட்டியை, அது எவ்வளவு அழகாக இருந்தாலும், விட்டுவிடுங்கள். பயந்த சுபாவம் குட்டிக்கும் வரும். கெனல் கிளப் சான்றிதழ் வம்சத்தைச் சொல்லும், உடல்நிலையைச் சொல்லாது. தாய் தந்தைக்கு இடுப்பு எக்ஸ்ரே எடுத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். கோலி இனங்களில் வரும் கண் குறைபாடு, டிஎன்எஸ் என்ற நோய் எதிர்ப்புக் குறைபாடு, சிஎல் என்ற நரம்பு நோய் ஆகிய மூன்றுக்கும் மரபணுப் பரிசோதனை இருக்கிறது. இதைக் கேட்டால் முகம் சுளிப்பவரிடம் வாங்காதீர்கள்.

திட்டுத்திட்டான சாம்பல் நிறத்தில், நீலக் கண்ணோடு இருக்கும் 'மெர்ல்' குட்டிகளுக்குக் கூடுதல் விலை சொல்வார்கள். மெர்ல் நிறம் தன்னளவில் குற்றமில்லை. ஆனால் தாயும் தந்தையும் இரண்டுமே மெர்ல் என்றால், சராசரியாக நாலில் ஒரு குட்டிக்கு அந்த மரபணு இரட்டையாக வரும். அப்படிப்பட்ட குட்டி செவிடாகவோ குருடாகவோ பிறக்கும் வாய்ப்பு அதிகம்.

இந்தியாவில் 2017ஆம் ஆண்டு நாய் இனவிருத்தி விதிகளின்படி விற்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். இரண்டு மாதம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. "35 நாள் ஆகிவிட்டது, பால் மறந்துவிட்டது" என்பார்கள். கூடப் பிறந்தவற்றோடு கட்டிப் புரண்டு, கடித்தால் வலிக்கும் என்று குட்டி கற்பது கடைசி மூன்று வாரத்தில்தான். காத்திருங்கள்.

முதல் வாரங்கள்

குட்டி வரும் முன்பே தரையைக் கவனியுங்கள். நம் வீட்டு டைல்ஸ் தரை குட்டியின் காலுக்கு வழுக்கும். வளரும் இடுப்பு எலும்புக்கு அது நல்லதில்லை. அது ஓடியாடும் இடத்தில் ரப்பர் பாயோ கெட்டியான ஜமுக்காளமோ விரித்துவிடுங்கள். அதற்கென்று ஒரு மூலை, சுற்றி ஒரு சின்னத் தடுப்பு, தண்ணீர்ப் பாத்திரம், கடிக்க ரப்பர் பொம்மை, இவை போதும். முதல் சில இரவுகள் உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் படுக்க வையுங்கள். தனி அறையில் போட்டுக் கதவைச் சாத்தி அழ விட்டால் தைரியம் வராது, பயம்தான் பழகும்.

சிறுநீர் பழக்குவது எந்த நாய்க்கும் ஒரே மாதிரிதான்: தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் ஒரே இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். போனதும் அங்கேயே ஒரு துண்டு தீனி. இந்த இனம் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும்.

தடுப்பூசி ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நாலு வாரத்துக்கு ஒன்றாக, சுமார் 16 வாரம் வரை போகும். வெறிநாய்க்கடி ஊசி மூன்று மாதத்தில். அதுவரை தெருவில் இறக்கிவிடக் கூடாது என்று மருத்துவர் சொல்வார். அது சரி. ஆனால் வீட்டுக்குள்ளேயே பூட்டி வைக்கக் கூடாது. உலகம் பயப்படும்படியானதா இல்லையா என்று குட்டி முடிவு செய்யும் காலம் பிறந்த மூன்றாவது வாரத்திலிருந்து சுமார் பதினாலாவது வாரம் வரைதான். எனவே தூக்கிக்கொண்டு போங்கள். பஸ், ஆட்டோ, மாடு, கோயில் மேளம், காய்கறி வண்டிக்காரரின் மைக், குடை, ஹெல்மெட் போட்ட ஆள். எல்லாவற்றையும் தூரத்திலிருந்து பார்த்தால் போதும். எல்லோரும் தொட வேண்டும், எல்லோரும் தூக்க வேண்டும் என்பதில்லை.

நம் தெருக்களுக்கு மிக முக்கியமான பாடம் இப்போதே தொடங்க வேண்டும். சாலையிலிருந்து தள்ளி, பைக் சத்தம் கேட்டும் குட்டி பதறாத தூரத்தில் உட்காருங்கள். பைக் போகும். குட்டி பார்க்கும். பார்த்துவிட்டு உங்கள் பக்கம் திரும்பிய நொடியில் தீனி கொடுங்கள். பத்து வண்டி போனால் போதும், எழுந்து வந்துவிடுங்கள். மறுநாள் மறுபடி. சில வாரங்களில் பைக்கைப் பார்த்ததும் உங்கள் முகத்தைப் பார்க்கும். பார்டர் கோலிகள் வண்டிக்கடியில் சாவது வண்டியை மேய்க்கப் போய்த்தான். இந்த ஒரு பாடத்துக்காக மற்ற எல்லாவற்றையும் தள்ளி வைக்கலாம்.

ஓயக் கற்றுக்கொடுத்தல்

குட்டி ஒரு நாளில் 18 மணி நேரமாவது தூங்க வேண்டும். வளர்ந்த நாய்க்கு 12 முதல் 14 மணி நேரம். பார்டர் கோலி தானாகத் தூங்கப் போகாது. வீட்டில் ஏதாவது அசைந்துகொண்டிருந்தால் அதைக் கவனித்துக்கொண்டே இருக்கும். சாயங்காலம் ஆறு ஏழு மணிக்குக் குட்டி வெறி பிடித்ததுபோல் ஓடி, வேட்டியைப் பிடித்து இழுத்து, கையைக் கடிக்கிறதென்றால் பெரும்பாலும் அதற்குத் தூக்கம் போதவில்லை என்று பொருள். நாம் அதைப் 'பொழுது போகவில்லை' என்று எண்ணி இன்னும் விளையாட்டுக் காட்டுவோம். எடுத்துக்கொண்டு போய்த் தடுப்புக்குள் விட்டு, விளக்கை அணைத்து, கடிக்க ஒன்று கொடுத்துவிட்டு வாருங்கள். கொஞ்ச நேரம் முனகும். தூங்கிவிடும்.

அடுத்தது பாய்ப் பயிற்சி. ஒரு சின்னப் பாய் அல்லது மடித்த பெட்ஷீட் எடுத்துக்கொள்ளுங்கள். அது இதற்கு மட்டும்தான்.

முதலில், பாயைத் தரையில் விரித்துவிட்டுப் பக்கத்தில் நாற்காலியில் உட்காருங்கள். கட்டளை எதுவும் வேண்டாம். குட்டி பாயில் கால் வைத்தால் ஒரு துண்டு தீனியைப் பாயின் மேலேயே வையுங்கள். உட்கார்ந்தால் இன்னொன்று. படுத்தால் வரிசையாக மூன்று நாலு. கையிலிருந்து கொடுத்தால் கையையே பார்த்துக்கொண்டிருக்கும், அதனால் பாயில் வைப்பதுதான் சரி.

பாயைப் பார்த்ததும் வந்து படுக்கும் நிலை வந்ததும், தீனிக்கு இடையிலான நேரத்தைக் கூட்டுங்கள். ஐந்து நொடி, பத்து நொடி, அரை நிமிடம். இப்போது எதற்குத் தீனி என்பதில் கவனம் வேண்டும். படுத்துக்கொண்டு அம்பு விடத் தயாரானதுபோல் உங்களையே முறைத்துக்கொண்டிருக்கும் நாய் ஓய்வெடுக்கவில்லை. இடுப்பை ஒரு பக்கமாகச் சாய்ப்பது, தாடையைத் தரையில் வைப்பது, பெருமூச்சு விடுவது, இவற்றுக்குத்தான் தீனி. நீங்கள் எதற்குக் கொடுக்கிறீர்களோ அதைத்தான் அது செய்யும்.

பிறகு வீட்டின் சத்தங்களை ஒவ்வொன்றாகச் சேருங்கள். நீங்கள் எழுந்து நிற்பது, நடப்பது, குக்கர் விசில், காலிங் பெல், கடைசியாகப் பிள்ளைகள் ஓடுவது. நாய் எழுந்துவிட்டால் திட்ட வேண்டாம். முந்தைய படிக்குப் போங்கள். இரண்டு மூன்று மாதத்தில், விருந்தாளி வந்தாலும் பாயில் கிடக்கும் நாய் கிடைக்கும். டீக்கடைக்கும் அந்தப் பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போகலாம். எங்கள் வீட்டில் இது மட்டும் பழகாமல் போயிருந்தால் மற்ற எந்த வித்தையும் உதவியிருக்காது.

ஒரு நாள் எப்படிப் போக வேண்டும்

ஒன்றரை வயதுக்கு மேற்பட்ட ஆரோக்கியமான நாய்க்கு எல்லாம் சேர்த்து ஒன்றரை முதல் இரண்டு மணி நேரச் செயல்பாடு போதும். அதில் பாதியாவது மெதுவாக, மோப்பம் பிடித்துக்கொண்டு நடப்பதாக இருக்கட்டும். ஒவ்வொரு மின்கம்பத்திலும் நின்றால் நிற்கட்டும். நமக்குச் சலிப்பாக இருக்கும், அதற்கு அது செய்தித்தாள்.

ஒரு வயது சுமார் ஆகும்வரை எலும்பின் வளர்ச்சி முனைகள் மூடுவதில்லை. அதுவரை பைக்குக்கோ சைக்கிளுக்கோ பின்னால் ஓடவிடுவது, மாடிப்படியில் ஏறி இறங்கும் விளையாட்டு, உயரத் தாண்டுவது எதுவும் வேண்டாம்.

சாப்பாட்டைத் தட்டில் கொட்டாதீர்கள். அது நாளின் சம்பளம். காலைத் தீனியில் பாதியைப் புல்லில் இறைத்துத் தேடச் சொல்லலாம். பழைய துண்டில் சுருட்டி வைக்கலாம். மீதியைப் பயிற்சிக்கு வைத்துக்கொள்ளலாம். ஐந்து நிமிடப் பயிற்சி, நாளுக்கு மூன்று முறை. அதற்கு மேல் வேண்டாம்.

பொம்மைகளுக்குப் பெயர் வைத்துக் கற்றுக்கொடுப்பது இந்த இனத்துக்கு மிகப் பிடித்த வேலை. அமெரிக்காவில் தென் கரோலினாவில் ஜான் பில்லி என்ற ஓய்வுபெற்ற உளவியல் பேராசிரியர் 'சேசர்' என்ற தன் பார்டர் கோலிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொம்மைகளின் பெயரைக் கற்றுக்கொடுத்தார். அந்த ஆய்வு 2011இல் வெளியானது. உங்களுக்கு ஐந்து பொம்மை போதும். ஒன்றை எடுத்து அதன் பெயரைச் சொல்லி விளையாடுங்கள். பெயர் பதிந்த பிறகு இரண்டாவதை அறிமுகப்படுத்தி, இரண்டில் ஒன்றைக் கேளுங்கள். பத்து நிமிடம் இப்படி யோசித்த நாய், அரை மணி நேரம் ஓடிய நாயைவிட நன்றாகத் தூங்கும்.

வீட்டில் எல்லோரும் ஒரே சொல்லைப் பயன்படுத்த வேண்டும். அப்பா 'சிட்', பாட்டி 'உட்காருடா கண்ணு', பிள்ளை 'உக்காரு' என்றால் நாய் உங்கள் கையசைவைத்தான் படிக்கும், சொல்லைக் கற்காது. ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டிவிடுங்கள்.

பந்து பற்றி: எறியவே கூடாது என்று சொல்லவில்லை. நாலைந்து முறை எறிந்துவிட்டு, ஒளித்து வைத்துத் தேடச் சொல்லி, பந்தை உள்ளே வைத்துவிடுங்கள். திரும்பத் திரும்ப எறிந்தால் மூட்டும் தேயும், மூளையும் அதிலேயே சிக்கிக்கொள்ளும். பந்தைத் தவிர வேறெதையும் பார்க்காத பார்டர் கோலிகளைப் பூங்காக்களில் பார்க்கலாம். அவற்றின் உரிமையாளர்கள் அதைப் பெருமையாகச் சொல்வார்கள். லேசர் விளக்கு மட்டும் வேண்டவே வேண்டாம். பிடிக்க முடியாத ஒன்றைத் துரத்திப் பழகிய நாய், பிறகு சுவரில் விழும் வாட்ச் வெளிச்சம், நிழல் எல்லாவற்றையும் மணிக்கணக்கில் துரத்தும். இந்த இனத்தில் அது நோயாகவே மாறும். நிழலைத் துரத்தத் தொடங்கினால் சிரித்துக்கொண்டே வீடியோ எடுக்காமல், உடனே கவனத்தைத் திருப்பிப் பாயில் படுக்க வையுங்கள்.

மேய்க்கும் குணம் வெளிப்படும்போது

ஓநாயின் வேட்டையில் பார்ப்பது, பதுங்குவது, துரத்துவது, கடிப்பது, கொல்வது என்று ஒரு வரிசை உண்டு. பார்டர் கோலியில் முதல் மூன்றையும் வளர்த்துவிட்டு, கடைசி இரண்டையும் மேய்ப்பர்கள் தலைமுறை தலைமுறையாகக் குறைத்தார்கள். குறைத்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். ஆடு அடங்காதபோது ஒரு கவ்வு கவ்வும். வீட்டில் ஓடும் பிள்ளையின் குதிகாலையும் அப்படித்தான் கவ்வும். கோபத்தில் கடிப்பதில்லை, ஆனால் பிள்ளைக்கு வலிக்கும், பல் பதியும்.

பிள்ளைகள் ஓடியாடும் நேரத்தில் நாயைத் தடுப்புக்கு மறுபுறம் வையுங்கள், அல்லது கயிற்றில் உங்கள் பக்கம். நாய் தலையைத் தாழ்த்தி, உடம்பை விறைத்து, கண்ணிமைக்காமல் பார்ப்பதைப் பார்த்தால் அந்த நொடியில் கூப்பிடுங்கள். ஓடத் தொடங்கிய பிறகு கூப்பிட்டால் காது கேட்காது. பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்லிக்கொடுங்கள்: நாய் துரத்தினால் மரம்போல் நில், கையைக் கட்டிக்கொள். அசையாத ஆட்டில் அதற்குச் சுவாரசியம் இல்லை. ஐந்து வயதுக்குக் கீழுள்ள பிள்ளையோடு பெரியவர் இல்லாமல் தனியே விடாதீர்கள், நாய் எவ்வளவு நல்லதாக இருந்தாலும்.

ஸ்காட்லாந்து மேய்ப்பர்கள் வேலை முடிந்ததும் ஆங்கிலத்தில் 'தட்ல் டூ' (That'll do) என்பார்கள். அவ்வளவுதான், ஆட்டை விட்டுவிட்டு வா என்று பொருள். நாய் உடனே திரும்பி நடக்கும். உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு சொல் வேண்டும். 'போதும்' நன்றாக வேலை செய்கிறது. விளையாட்டு முடியும் ஒவ்வொரு முறையும் 'போதும்' என்று சொல்லி, பொம்மையை எடுத்து வைத்து, ஒரு துண்டு தீனி கொடுத்து, நீங்கள் வேறு வேலை பார்க்கப் போங்கள். அதன் பிறகு எவ்வளவு கெஞ்சினாலும் மறுபடி தொடங்கக் கூடாது.

வெயில்

குளிர்ந்த மலைக்கான நாயை நம் சமவெளியில் வைத்திருக்கிறோம். ஏப்ரல், மே மாதங்களில் காலை ஆறரைக்குள் நடை முடிந்துவிட வேண்டும். மாலையில் இருட்டிய பிறகுதான். புறங்கையைத் தார்ச்சாலையில் ஐந்து நொடி வைத்துப் பாருங்கள், உங்களுக்குச் சுட்டால் அதற்கும் சுடும்.

பிரச்சினை என்னவென்றால், இந்த நாய் தானாக நிறுத்தாது. வேலை என்று நினைத்துவிட்டால் விழும்வரை ஓடும். அதிலும் சில பார்டர் கோலிகளுக்கு ஐந்து பத்து நிமிடக் கடும் ஓட்டத்திலேயே கால் தள்ளாடி, திசை தெரியாமல் விழிக்கும் ஒரு கோளாறு உண்டு. 'பார்டர் கோலி கொலாப்ஸ்' என்பார்கள். ஓய்வெடுத்தால் அரை மணி நேரத்துக்குள் பெரும்பாலும் சரியாகிவிடும். ஒருமுறை அப்படிப் பார்த்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள், அப்புறம் அந்த நாய்க்கு வேக ஓட்டம் கிடையாது.

நாக்கு அகலமாகத் தொங்கி, ஈறு செக்கச்செவேலென்று ஆகி, கொழகொழ எச்சில் வடிந்தால் வெப்பத்தாக்கு. நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பு முழுக்கச் சாதாரணத் தண்ணீரைத் தொடர்ந்து ஊற்றி, விசிறிக் காற்றில் வையுங்கள். ஈரத்துண்டைப் போர்த்தாதீர்கள், அது வெப்பத்தை உள்ளேயே பிடித்து வைக்கும். கொஞ்சம் குளிர்ந்ததும், தேறியதுபோல் தெரிந்தாலும், மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

வெயிலுக்காக மொட்டை அடிப்பது தவறு. மேல் முடி, உள் முடி என்று இரண்டு அடுக்கு இருக்கிறது. வழித்தால் தோல் நேரடியாக வெயிலில் படும், முடி பழையபடி வளராமலும் போகலாம். வாரத்துக்கு இரண்டு மூன்று முறை அடி முடிவரை சீவுங்கள். காதுக்குப் பின்னாலும் தொடைக்குப் பின்னாலும்தான் சிக்கு விழும். மழைக்காலத்தில் நனைந்தால் உள் முடி காயும்வரை துடையுங்கள், இல்லையென்றால் புண் வரும்.

உண்ணி, மருந்து, சாப்பாடு

இவ்வளவு முடிக்குள் உண்ணி இருந்தால் கண்ணுக்குத் தெரியாது. தினமும் விரலால் தடவிப் பாருங்கள், காதுக்குள், விரலிடுக்கில், வால் அடியில். சாப்பிடாமல் சோர்ந்து, காய்ச்சல் அடித்து, ஈறு வெளுத்தால், அல்லது சிறுநீர் கறுத்தால், அன்றே இரத்தப் பரிசோதனை. உண்ணிக் காய்ச்சலில் ஒரு நாள் தாமதம் பெரிது.

உண்ணிக்கு ஊசி போடலாம் என்று யாராவது சொன்னால் ஒரு நிமிடம் நிறுத்துங்கள். கோலி இனங்களில் எம்டிஆர்1 என்ற மரபணுக் குறைபாடு உண்டு. நீளமுடி ரஃப் கோலியில் அதிகம், பார்டர் கோலியில் குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை. அது இருக்கும் நாய்க்கு உண்ணிக்குப் போடும் அளவு ஐவர்மெக்டின் மூளையைத் தாக்கும். வயிற்றுப்போக்குக்கு நாம் போடும் லோபெரமைடும் அப்படியே. "இது கோலி, எம்டிஆர்1 பரிசோதனை செய்யவில்லை" என்று மருத்துவரிடம் நீங்களே சொல்லுங்கள். உண்ணிக்கு வேறு பாதுகாப்பான மருந்துகள் இருக்கின்றன. நம் வீட்டு மாத்திரை எதையும் கேட்காமல் கொடுக்காதீர்கள். வலிப்பு வந்தால் நேரத்தைக் குறித்துக்கொண்டு, முடிந்தால் வீடியோ எடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள், இந்த இனத்தில் அது அபூர்வமில்லை.

சாப்பாட்டில் பெரிய சூட்சுமம் கிடையாது. உலர் தீனியோ, மருத்துவரிடம் அளவு கேட்டுச் சமைத்த சோறும் கோழியும் முட்டையுமோ, எதுவானாலும் விலா எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும். வெங்காயம், திராட்சை, உலர்ந்த திராட்சை, சாக்லேட் கூடாது. பாயசத்திலும் கேசரியிலும் திராட்சை இருக்கிறது என்பதைப் பாட்டிக்கு ஞாபகப்படுத்துங்கள்.

தீபாவளி

சத்தத்துக்கு மிரளும் குணம் இந்த இனத்தில் அதிகம். ஐப்பசி வரும்வரை காத்திருக்காமல், ஆடி மாதத்திலேயே வெடிச்சத்தப் பதிவைக் காதுக்குக் கேட்டும் கேட்காத அளவில் வைத்துச் சாப்பாடு போடுங்கள். வாரங்கள் போகப் போக ஒலியைக் கூட்டலாம், நாய் சாப்பாட்டை நிறுத்தினால் கூட்டியது அதிகம். முந்தைய வருடம் நடுங்கிய நாய் என்றால் ஒரு மாதம் முன்பே மருத்துவரைப் பாருங்கள், பயத்தைக் குறைக்கும் மருந்துகள் உண்டு. பண்டிகை நாளில் விடியும் முன்பே வெளியே கூட்டிப் போய்வந்து, ஜன்னல் குறைந்த அறையில் மின்விசிறியும் டிவியும் ஓட, நீங்களும் கூட இருங்கள். பயந்த நாயைத் தடவிக் கொடுத்தால் பயம் வளரும் என்பது கட்டுக்கதை. கழுத்துப் பட்டையில் உங்கள் எண் இருக்கட்டும், மைக்ரோசிப்பும் இருக்கட்டும். கதவு திறந்த நொடியில் ஓடிவிட்ட நாய்களைத் தேடும் அறிவிப்புகள் மறுநாள் எல்லா ஊரிலும் வரும்.

எட்டு மாதத்துக்குப் பிறகு

நன்றாகப் பழகிய குட்டி, ஏழெட்டு மாதத்தில் கூப்பிட்டால் வராது. முன்பு பயப்படாத குப்பைத்தொட்டியைப் பார்த்துக் குரைக்கும். ஒன்றரை, இரண்டு வயதுவரை இப்படி வந்து வந்து போகும். புதிதாக எதையும் கற்றுக்கொடுக்காமல், பழைய பாடங்களை எளிதாக்கித் திரும்பச் செய்யுங்கள். திறந்த இடத்தில் பத்து மீட்டர் நீளக் கயிறு கட்டாயம். அடித்துத் திருத்துகிறேன், முள்பட்டை போடுகிறேன் என்று யாராவது பயிற்சியாளர் வந்தால் காசு கொடுத்து அனுப்பிவிடுங்கள். குரலை உயர்த்தினாலே ஒடுங்கிப்போகும் நாய் இது, அடித்தால் ஒன்று அஞ்சி நடுங்கும் அல்லது திருப்பிக் கடிக்கும். ஆளைப் பார்த்து உறுமுவது, நிழலைத் துரத்துவதை நிறுத்த முடியாமல் போவது, வாலைக் கடித்துப் புண்ணாக்குவது, இந்த மூன்றில் ஒன்று வந்தால் முதலில் கால்நடை மருத்துவர். வலி இருந்தாலும் குணம் மாறும்.

கல்யாணம், காது குத்து என்று ஊருக்குப் போகும் நாள் வரும். பார்த்துக்கொள்பவர் யாரென்று இப்போதே முடிவு செய்து, அவரை மாதத்தில் ஓரிரு முறை வீட்டுக்கு அழைத்து நாயோடு நடக்கச் சொல்லுங்கள். அவரிடம் ஒரு தாள் கொடுத்துவிட்டுப் போங்கள்: எப்போது சாப்பாடு, எவ்வளவு, எந்தச் சொல்லுக்கு என்ன செய்யும், எதைக் கண்டால் துரத்தும், எம்டிஆர்1 பற்றிய குறிப்பு, தடுப்பூசி அட்டையின் நகல், மாநகராட்சி உரிமத்தின் நகல், மருத்துவரின் எண், இரவிலும் திறந்திருக்கும் ஒரு மருத்துவமனையின் எண். பாயை மறக்காமல் கொடுத்தனுப்புங்கள், துவைக்காமல்.